பதினெட்டாயிரத்து நூறு ரூபாயும் ஒரு கம்பியும்

எங்கள் மோகனூர்ப் பக்கம் 'வண்டி' என்றால் அது லாரி. மற்றதெல்லாம் அதற்குக் குறுக்கே வருவது. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது லாரி ஓட்டியிருப்பார், லாரிக்கு பாடி கட்டியிருப்பார், அல்லது லாரிக்குக் கடன் வாங்கி முழித்திருப்பார். என் அப்பா முதல் வகை. இருபத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். அவருக்குப் பிள்ளையாகப் பிறந்து, பி.காம். முடித்து, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற நான் ஒரு செகண்ட் ஹாண்ட் ராயல் என்ஃபீல்டு கிளாஸிக் 350 வாங்கி வாசலில் நிறுத்தினேன். அப்பா அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மீதி சக்கரமெல்லாம் எப்போடா வருது?"

எனக்கு தனுஷ்கோடி போக ஆசை. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்ததிலிருந்து, பைக் வைத்திருக்கிறவன் எவனும் அங்கே போய் நின்று போட்டோ எடுக்காமல் திரும்புவதில்லை. கரூர், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் என்று ரூட்டெல்லாம் பேப்பரில் போட்டாகிவிட்டது. ஆனால் டூர் போகிற வண்டி டூர் போகிற மாதிரி இருக்க வேண்டாமா? அதனால் சேலத்துக்குப் போனேன்.

கடையின் பேர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் ஏஸி, கண்ணாடி ஷெல்ஃப், பளபளவென்று ஸ்டீல். நகைக்கடைக்குள் பெண்களை விட்ட மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. காமர்ஸ் படித்தவன் என்பதால் கணக்கை மட்டும் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். கிராஷ் கார்டு 2,800. சைடு ஸ்டே 2,500. இரண்டு பக்கப் பை 6,000. எக்ஸ்ட்ரா விளக்கு 3,500. ஹாரன் 900. விண்ட்ஷீல்டு 1,800. செல்போன் ஸ்டாண்டு 600. மொத்தம் 18,100 ரூபாய்.

அந்த லிஸ்டில் டயர் இல்லை. கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் புத்திசாலி ஸார். 55 வாட் ஹாலஜன் இரண்டு, ஆக 110 வாட். பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் வருகிறது. அதை ஹாண்டில்பார் சுவிட்ச் வழியாகவே இழுத்தால் சுவிட்ச் என்றைக்காவது உருகும். "நடுவுல ரிலே வையுங்க, பாட்டரி பக்கத்துல ஃப்யூஸ் வையுங்க" என்று சொல்லி, வைக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன். பையன் என்னை மரியாதையாகப் பார்த்தான். அந்த மரியாதையில் மயங்கியிருந்தபோதுதான் அவன் கேட்டான்.

"ஸார், இந்த சேலை கார்டை எடுத்துடலாமா? ஸ்டே உட்கார மாட்டேங்குது. டூரிங் வண்டிக்கு இது எதுக்கு ஸார், பால்காரன் வண்டி மாதிரி?"

பால்காரன் என்றதும் ரோஷம் வந்துவிட்டது. "எடுப்பா" என்றேன். பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். வீட்டில் பரணில் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கிளம்பினேன். அம்மா ஒருக்களித்து உட்காருகிறவள். சேலை கார்டோடு சேர்ந்து அடியில் ஒரு கால் வைக்கிற தகடு இருக்குமே, அதுவும் பரணில். பை வேறு பிதுங்கிக்கொண்டிருந்தது. "காலு வெக்க எடமில்லியே சாமி" என்றாள். "பையைப் புடிச்சுக்கம்மா, பதினெட்டு கிலோமீட்டர்தானே" என்றேன்.

பாதி தூரம் போகவில்லை. ஒரு வேகத்தடை. நல்லவேளை, வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். என் தோளில் இருந்த கை பட்டென்று போய்விட்டது. பிரேக் பிடித்துத் திரும்பினால் அம்மா ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானை ஸ்போக்ஸுக்குள் சுருட்டிக்கொண்டு போய், கழுத்தோரம் வரை இழுத்து நிற்கிறது.

இந்த இடத்தில் நகைச்சுவை எழுத எனக்குத் தெரியவில்லை.

டீக்கடைக்கார அம்மா கத்தியோடு ஓடி வந்து சேலையை அறுத்தார். சக்கரம் இன்னும் அரைச் சுற்று சுற்றியிருந்தால் என்று அந்தம்மா ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மாவுக்கு முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு. தண்ணி குடித்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் ஆகலியே கண்ணு?" என்று என்னைக் கேட்டாள். திரும்பி டவுன் பஸ்ஸில்தான் வந்தாள். நான் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். 900 ரூபாய் ஹாரனை ஒரு தரம்கூட அடிக்கவில்லை.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், துணி சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கிற தடுப்பு, மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. பால்காரனுக்கு மட்டும் என்று அதில் போடவில்லை.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் ஸ்டூலைப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்போக்ஸில் மிச்சமிருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அப்புறம் உள்ளங்கையால் பின் டயரை ஒரு சுற்று தடவினார், மாட்டைத் தடவுகிற மாதிரி.

"இதை வெச்சுக்கிட்டா ராமேஸ்வரம் போறதா இருந்தே?"

டயர் ஓரத்தில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். என் டயரில் 1114. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2014-ஆம் வருஷம் பதினோராவது வாரம் பிறந்த டயர். நான் அப்போது காலேஜில் சப்ளிமென்டரி எழுதிக்கொண்டிருந்தேன். பட்டன் என்னவோ பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் ரப்பர் இறுகி, பள்ளங்களுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. "பட்டன் இருந்துட்டாப் போதுமா? தார்ல ஒட்டணும்ல? லாரிக்குப் பின்னாடி ஜோடி ஜோடியா இருக்கும், ஒண்ணு போனா ஒண்ணு தாங்கும். உனக்கு மொத்தமே ரெண்டுடா."

நாமக்கல்லுக்கு அவரே கூட வந்தார். முதல் கடையில், "130 போடுங்க, கெத்தா இருக்கும்" என்றார்கள். அப்பா டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, "வெரலு போகாத எடத்துல கல்லு போயி உக்காரும், வேண்டாம்" என்றார். அகலம் கூடினால் ரிம் அதைப் பிடித்து நெரிக்கும். டயரின் உருண்டை வடிவம் கெட்டுப்போய் வளைவில் வண்டி சாயத் தயங்கும். என் வண்டியோடு வந்த அளவு 110/90-18. அதாவது அகலம் 110 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவிகிதம், 18 அங்குல ரிம். பக்கத்தில் 61P என்றிருந்தது. 61 என்றால் அந்த ஒரு டயர் 257 கிலோ தாங்கும், P என்றால் 150 கிலோமீட்டர் வேகம் வரை. பர்சன்டேஜ் கணக்கு பி.காமுக்குப் பிறகு எனக்கு உதவியது இதுதான் முதல் தடவை. இரண்டாவது கடையில் பாதி விலைக்கு ஒன்று எடுத்துப் போட்டார்கள். அப்பா நாலு எண்ணைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டு வெளியே வந்தார். மூன்றாவது கடையில் வாங்கினோம். ஸ்போக் சக்கரம் என்பதால் புது ட்யூபும் சேர்த்து.

மாட்டியதெல்லாம் வீட்டு வாசலில். ஓரத்தில் போட்டிருக்கிற அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நூல் பிடித்து, இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக வருகிறவரை அப்பா செயினைத் திருகிக்கொண்டே இருந்தார். காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்னால் பார்க்கச் சொன்னார், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லுமாம். புது டயர் வழுவழுவென்று இருக்கும், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் சாய்க்காதே என்றார். அந்த வாரம் நான் சைக்கிள்களுக்கு வழிவிட்டு ஓட்டினேன்.

சேலை கார்டைப் பரணிலிருந்து இறக்கினோம். ஸ்டேயோடு சேர்ந்து உட்கார மாட்டேன் என்றது. பையன் சொன்னது பொய்யில்லை. வெல்டிங் பட்டறையில் ஸ்டேயின் ஒரு கம்பியை வெளிப்பக்கமாக வளைத்து, நடுவில் ஒரு புஷ் வைத்து இரண்டையும் ஒரே போல்ட்டில் மாட்டினார்கள். கூலி 250. பட்டறைக்காரர் லாரிக்கு ஏணி அடிக்கிறவர். என்னைப் பார்த்து, "இதுக்கு ஏனுங்க அதைக் கழட்டினீங்க?" என்று மட்டும் கேட்டார். இடது பக்கப் பை மாட்டினால் அம்மாவுக்குக் கால் வைக்க இடமில்லை என்பதால் அந்தப் பை இப்போது தேங்காய் போட்டு வைக்க உதவுகிறது. 18,100-ல் 3,000 அங்கே போயிற்று.

தனுஷ்கோடிக்கு இன்னும் போகவில்லை. ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் முளைப்பாரி விட அம்மா கிளம்பினாள். நடந்தே போய்விடலாம், கிட்டத்தில்தான் ஆறு. இருந்தும் வண்டியை எடுத்தேன். அம்மா ஏறவில்லை. பின்னால் வந்து குனிந்தாள். கம்பியை ஒரு கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். தகட்டின் மேல் ஒரு காலை வைத்து அழுத்தினாள். அப்புறம் முந்தானையை எடுத்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகிக்கொண்டு, "மெதுவாப் போ" என்றாள்.