புற்றரையும் பூம்பாத்தியும்: ரொறன்ரோவில் ஒரு வசந்தகால வேலை

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த பாடம். யாழ்ப்பாணத்தில் அந்த மாதங்களில் கிணற்று நீர் கீழிறங்கும். முற்றத்து மணல் காலைச் சுடும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலோ அதே சித்திரையில்தான் நிலம் உறைவிலிருந்து மெல்ல விடுபடுகிறது. பகலில் வெயில் எறித்தாலும் இரவில் உறைபனி விழும். ஆகவே வசந்தம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரு நாடுகளிலும் ஒரே மாதிரித் தோட்டம் செய்துவிட இயலாது. இதனை 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஸ்காபறோவில் என் அக்காவின் வீட்டில் தங்கியிருந்தபோது நேரிற் கண்டேன். புலம்பெயர்ந்த வாசகர்கள் பலருக்கு இது பழகிய சங்கதியாக இருக்கலாம். ஆயினும் முதல் வீட்டை இப்போதுதான் வாங்கியவர்களும், முதுமையில் அதே வீட்டைத் தனியே பராமரிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

அத்தான் 2023 மார்கழியில் காலமானார். அக்காவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. வலது முழங்காலில் நோவு. மருமக்கள் இருவரும் வேறு நகரங்களில் வேலை பார்ப்பவர்கள். வீட்டை விற்றுவிட்டு அம்மா அடுக்குமாடிக் குடியிருப்பொன்றுக்குப் போக வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு. அதற்கு அவர்கள் முன்வைத்த முதலாவது நியாயம் முன்வளவுப் புல். ரொறன்ரோ மாநகர விதிகளின்படி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் அது குற்றம். அறிவித்தல் வரும், பின்னர் மாநகரமே ஆள் வைத்து வெட்டிச் செலவையும் அறவிடும். "அம்மாவால் ஏலாது மாமா" என்றான் மூத்தவன். அவன் கூறியது அன்பினால்தான்.

அக்கா அதற்குச் சொன்ன பதில் வேறு. வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வளவை 1990 ஆனியில் விட்டு வெளியேறியவர்கள் நாங்கள். பின்னர் அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டது. அம்மா வைத்த செவ்வரத்தைகளும் நந்தியாவட்டையும் என்னவாயின என்று பார்க்க எவருக்கும் வாய்க்கவில்லை. "ஒரு வளவை யுத்தம் கொண்டு போச்சுது தம்பி. இதைப் புல்லுக்குப் பயந்து விட்டிட்டுப் போறதே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஒரு செய்தியாளனின் கேள்வியாக மாற்றிக்கொண்டேன். ஒரு சிறிய வீட்டின் வளவுக்கு வசந்தகாலத்தில் உண்மையிலேயே எவ்வளவு வேலை உண்டு? அதில் எது அவசியம், எது வெறும் வழக்கம்? முழங்கால் நோவுள்ள ஒருவரால் எதைச் செய்ய முடியும்? குறிப்புப் புத்தகமொன்றை எடுத்து நாளும் நேரமும் இட்டு எழுதத் தொடங்கினேன்.

முதற் குறிப்பே பொறுமை பற்றியது. பனி கரைந்த கையோடு புற்றரையில் இறங்கி நடக்கக் கூடாது. ஈரமண் காலடியில் இறுகிப்போனால் வேருக்குக் காற்றுப் போகாது. அந்த இறுக்கம் ஆண்டு முழுவதும் நிற்கும். பாத்தி மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்க்க வேண்டும். களிமண் உருண்டைபோல் ஒட்டி நின்றால் இன்னும் காலமாகவில்லை. விரலால் தட்டியதும் உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். அவ்வாண்டு எங்களுக்கு ஏப்ரல் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பின்னர் இலைவாரியால் மெதுவாக வாரினோம். பனியின் கீழ் நெடுநாள் அழுந்திக் கிடந்த இடங்களில் சாம்பல் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ பூஞ்சணம் படர்ந்து புல் பாய்போல் ஒட்டிக் கிடக்கும். அதற்கு மருந்து தேவையில்லை. வாரிக் காற்றுப்பட விட்டாலே பெரும்பாலும் தானாக மீளும். வாகனப் பாதையின் ஓரத்தில் புல் கருகியிருந்ததற்குக் காரணம் வேறு. மாரியில் வீதிக்கும் பாதைக்கும் தூவிய உப்பு அங்கே படிந்திருந்தது. நன்றாகத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழிறக்கிய பின்னரே அங்கே விதை போடலாம்.

விதை போடுவதிலும் கணக்குண்டு. இங்குள்ள புற்றரைகளிற் பெரும்பாலும் கென்டக்கி நீலப்புல், பல்லாண்டு ரைப்புல், மெல்லிய ஃபெஸ்கியூ ஆகியவை கலந்திருக்கும். பெயரில் கென்டக்கி இருந்தாலும் அந்த நீலப்புல் ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமிருந்து வந்தது. அதுவும் நம்மைப்போல் ஒரு குடிவரவுதான். மண்ணின் வெப்பம் 10 பாகை செல்சியசைத் தாண்டும்வரை விதை முளைக்காது. ரைப்புல் ஒரு வாரமளவில் முளை காட்டும். நீலப்புல்லுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை செல்லும். பலர் ஒரு வாரத்தில் நம்பிக்கை இழந்து தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். மொட்டையான இடங்களைக் கிளறி, விதை தூவி, அரை அங்குலத்துக்கும் குறைவாகக் கூட்டெரு பரப்பி, மேல்மண் காயாமல் நாள்தோறும் நனைத்து வந்தோம். பசளையை ஏப்ரலிலேயே கொட்ட வேண்டியதில்லை. வேர் வலுப்பெறுமுன் நைதரசனைக் கொடுத்தால் இலை மட்டும் விறுவிறுவென்று வளரும். வெட்டும் வேலையும் கூடும். மே மாதக் கடைசியில் சிறிதளவு போதும். இலையுதிர்காலத்தில் இடுவதே முக்கியமான பசளை.

புல் வெட்டுவதில் ஒரு பொன்விதி உண்டு. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஆசிரிய பீடத்தில் முப்பது ஆண்டுகள் மற்றவர்களின் கட்டுரைகளை வெட்டியவன் நான். அங்கும் அதுவே எல்லை. அதற்கு மேல் வெட்டினால் எழுதியவர் மீள்வதில்லை! உயரத்தை 6 முதல் 8 சென்ரிமீற்றர் வரை வைத்திருந்தால் வேர் ஆழமாக இறங்கும், நிழலில் களைவிதை முளைப்பதும் குறையும். கூரான தகடு வேண்டும். மழுங்கிய தகடு புல்லைக் கிழிக்கும், நுனி பழுக்கும். வெட்டிய துண்டுகளை அங்கேயே விட்டுவிடலாம். ரொறன்ரோ மாநகரம் எப்படியும் அவற்றைச் சேகரிப்பதில்லை. அவை உக்கி நைதரசனின் ஒரு பங்கை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. அத்தானின் பாரமான பெற்றோல் இயந்திரத்தை மூத்த மருமகனிடம் கொடுத்துவிட்டு, மின்கலத்தில் இயங்கும் எடை குறைந்த இயந்திரம் ஒன்றை வாங்கினோம். அக்கா அதனை ஒரு கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதென்ன, பிள்ளை வண்டில் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். அத்தானின் மறைவுக்குப் பின் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

களைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல், அழகுக்காக மட்டும் வளவுகளில் பீடைநாசினி தெளிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. முன்னர் கடைகளில் தாராளமாகக் கிடைத்த களைநாசினிகள் பல இப்போது புற்றரைக்கு ஆகா. இரும்புச் சேர்வை கொண்ட சில தெளிப்பான்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் டன்டிலையனுக்குச் சிறந்த மருந்து மழைக்கு மறுநாள் ஈரமண்ணில் நீண்ட கருவியைக் குத்தி ஆணிவேரோடு கெல்லுவதே. வேரின் துண்டு மிஞ்சினால் மீண்டும் தளிர்க்கும். நின்றபடியே காலால் மிதித்துப் பிடுங்கும் கருவி கிடைக்கிறது. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அது பெரும் உதவி. ஆயினும் எல்லாவற்றையும் பிடுங்கித் தீர்க்க வேண்டுமென்ற பிடிவாதம் வேண்டாம். வசந்தத் தொடக்கத்தில் தேனீக்களுக்கு அந்த மஞ்சட் பூக்களும் ஆகாரமே.

இனிப் பூம்பாத்தி. சென்ற ஆண்டின் காய்ந்த தண்டுகளை ஏப்ரல் தொடக்கத்திலேயே வெட்டி அள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. அத்தண்டுகளின் துளைகளில் உள்நாட்டுத் தேனீ இனங்கள் சில மாரியைக் கழிக்கின்றன. பகல் வெப்பம் தொடர்ந்து 10 பாகையைத் தாண்டும்வரை அவற்றை விட்டுவைப்பது நல்லது. இந்தத் தாமதத்தால் வேலையும் பரவிப் போகிறது என்பதை அக்கா விரைவிலேயே கண்டுகொண்டார்.

ரோசாவை எப்போது வெட்டுவது என்பதைப் பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர் சொல்லித் தந்தார். ஒவ்வோர் ஆண்டும் தம் அத்தி மரத்தைச் சாக்கும் கம்பளியும் சுற்றி மாரியிலிருந்து காப்பவர் அவர். வேலியோரத்தில் போர்சித்தியா மஞ்சளாகப் பூக்கும் வாரத்தில் ரோசாவை வெட்டு, நாட்காட்டியைப் பார்க்காதே என்பதே அவருடைய அறிவுரை. கறுத்துச் செத்த கிளையை உள்ளே வெண்மையும் பச்சையும் தெரியும் இடம்வரை வெட்ட வேண்டும். வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். ஹைட்ரேஞ்சியாவில் மட்டும் அவசரம் ஆகாது. நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் பெரிய இலை வகை பழைய கிளையில்தான் மொட்டு வைத்திருக்கும். வசந்தத்தில் வெட்டினால் அந்த ஆண்டின் பூவையே வெட்டியதாகும். 'அனபெல்' போன்ற வெள்ளை வகை புதுக்கிளையில் பூப்பது. அதனைத் தாராளமாக வெட்டலாம். லைலாக்கைப் பூத்து முடிந்த பின்னரே தொட வேண்டும்.

ரியூலிப் பூ உதிர்ந்ததும் காம்பை மட்டும் கிள்ளிவிட்டு, இலைகள் தாமாக மஞ்சளாகும்வரை விட வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரங்கள் பார்வைக்கு அழகாயிராது. ஆனால் அடுத்த ஆண்டின் பூவுக்கான உணவை அந்த இலைகளே குமிழில் சேர்க்கின்றன. இந்தப் பூவுக்குக் கனடாவில் ஒரு வரலாறும் உண்டு. நெதர்லாந்தை ஜேர்மனி ஆக்கிரமித்த 1940இல் இளவரசி ஜூலியானா குழந்தைகளுடன் ஒட்டாவாவில் தஞ்சமடைந்தார். 1943இல் அவருடைய மூன்றாவது மகள் அங்கேயே பிறந்தாள். அந்தத் தஞ்சத்துக்கு நன்றியாக 1945 இலையுதிர்காலத்தில் நெதர்லாந்திலிருந்து ஒரு லட்சம் ரியூலிப் குமிழ்கள் வந்தன. ஒட்டாவாவில் ஆண்டுதோறும் நடக்கும் ரியூலிப் விழா அதன் தொடர்ச்சியே. அகதியாக வந்தவர் திருப்பிக் கொடுத்தது மண்ணில் நடும் ஒரு பொருள் என்பதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கிள்ளிய காம்புகளைக் கூட்டெருப் பெட்டியில் போட்டார்.

பெற்றூனியா, செவ்வந்தி முதலிய ஓராண்டுக் கன்றுகளையும், மாரி முழுவதும் யன்னலோரத்தில் இருந்த கறிவேப்பிலைச் சாடியையும் வெளியே வைக்க அவசரப்படக் கூடாது. மே 25க்கு முந்திய திங்கட்கிழமையான விக்ரோறியா தினத்தைப் பலரும் எல்லையாகக் கொள்கிறார்கள். 2024இல் அது மே 20. அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள், முதலில் நிழலில் ஓரிரு மணித்தியாலங்கள், பின்னர் சிறிது சிறிதாக வெயில் என்று பழக்கினால் இலை வெந்துபோகாது.

ஜூன் நடுப்பகுதியில் குறிப்புப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கடும் வேலை நாட்கள் ஆறு. அவற்றிற்கு இன்னொருவரின் கை தேவை. மீதிக் காலம் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த இரண்டில் பெரும்பகுதியை விழுங்கியது புற்றரை. அந்தக் கணக்கை மருமக்கள் இருவருக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். மூத்தவன் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அந்த ஆறு நாட்களைத் தம்பியும் தானும் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னான். அக்காவும் தன் பங்குக்கு விட்டுக்கொடுத்தார். முன்வளவுப் புல்லில் பாதியைக் கெல்லி எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் தாமாகத் தளிர்க்கும் எக்கினேசியா, ருட்பெக்கியா போன்றவற்றை வைப்பதற்குச் சம்மதித்தார். அத்தான் பெருமையாகப் பேணிய புல் அது என்பதால் அந்தச் சம்மதம் இலேசானதன்று.

2025 வசந்தத்தை அக்கா மருமக்களோடு சமாளித்தார். வீட்டை விற்கும் பேச்சு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முழங்கால் நோவும் வயதும் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பவை அல்ல. ஆனால் அதனை ஒவ்வோர் ஆண்டும் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்வது என்று அவர்கள் உடன்பட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் தனியே வளவைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஏலுமா ஏலாதா என்று வாதிடுமுன் ஒரு வசந்தம் அவருடன் நின்று நேரத்தைக் குறித்துப் பாருங்கள்.