ஸ்ட்ரைக்கர் விழுந்தா ஆட்டம் முடிஞ்சுதா?

கேரம் போர்டு மேல யானைப் படை நின்னு பார்த்திருக்கீங்களா? எண்ணூர்ல என் ஃபிரெண்டு வீட்டு மொட்டை மாடிக்குப் போன வருஷம் வந்திருந்தா பார்த்திருக்கலாம். கறுப்புக் காய் மேல எம்-சீல்ல பிடிச்ச யானை, வெள்ளைக் காய் மேல குண்டூசி ஈட்டியோட நாலு ஆளு. தூரத்துல இருந்து பார்த்தா ஏதோ கொழுக்கட்டை மாதிரிதான் இருக்கும். எங்களுக்கு அது சோழர் படை.

ஃபிரெண்டு பேர் வேணாம். இந்த இதழை அவன் இன்னமும் படிக்கிறான், திட்டுவான்.

சின்னச் சின்னப் பொம்மைகளை மேஜை மேல அடுக்கி, ஸ்கேலும் டைஸும் வச்சுப் பழைய போர்களைத் திரும்ப ஆடுற விளையாட்டு இது. எச்.ஜி.வெல்ஸ், ஆமாங்க, 'டைம் மெஷின்' எழுதின அதே ஆள்தான், 1913-லயே இதுக்கு 'லிட்டில் வார்ஸ்'னு ஒரு விதிப் புத்தகம் போட்டிருக்கார். நாங்க எடுத்துக்கிட்டது 1990-ல ஃபில் பார்க்கர் கொண்டு வந்த டி.பி.ஏ. விதிகள். ஆளுக்கு 12 காய்தான். உங்க முறை வந்ததும் ஒரு டைஸ் உருட்டணும். 4 விழுந்தா நாலு நகர்த்தல், 1 விழுந்தா ஒண்ணே ஒண்ணு. மீதிப் படை உத்தரவு வராம நின்ன இடத்துலயே நிக்கும். காயும் காயும் மோதினா ரெண்டு பேரும் உருட்டணும். எதிராளியை விட அதிகமா இழந்திருக்கிற நிலையில தளபதி காயும் போயிட்டா, ஆட்டம் அதோட முடிஞ்சுது.

ஈயப் பொம்மைகளோட விலையைப் பார்த்துட்டு டேபை மூடிட்டோம். 60 செ.மீ. சதுரக் களம் போதும்னு விதி சொல்லுது, கேரம் போர்டு 74 செ.மீ. போர்டு ஃபிரெண்டோட நைனாவோடது. ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டினவர். "மரிய இருதயம் ரெண்டு வாட்டி உலக சாம்பியன் ஆன ஊருடா இது, போர்டு மேல எம்-சீல் கொட்டுச்சுன்னா கைய ஒடிச்சுடுவேன்"னார். அப்புறம் அவரே ஓரம் தேஞ்ச பழைய காய்களை ஒரு பை நிறையக் கொண்டு வந்து கொடுத்தார். "ராஜாவுக்கு ஸ்ட்ரைக்கர வச்சுக்கோங்கடா."

மூணு போர் ஆடறதா பிளான். முதல்ல திருப்புறம்பயம், கும்பகோணம் பக்கம், கி.பி. 880-ஐ ஒட்டி நடந்தது. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு அந்தப் பள்ளிப்படை ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் பல்லவ அபராஜிதன், கங்க மன்னன் பிருதிவீபதி, சோழ ஆதித்தன். எதிர்ப்பக்கம் பாண்டிய வரகுணன். பிருதிவீபதி களத்துலயே செத்துப்போனார், ஆனா அவர் பக்கம்தான் ஜெயிச்சது. எங்க ஆட்டம் முடியவே இல்ல. ஒரு மணி நேரம் பொறுமையாப் பார்த்துக்கிட்டிருந்த நைனா, "ஸ்ட்ரைக்கர கையில வச்சுக்கினு இன்னாடா தள்ளிக்கினே கீறீங்க"ன்னு ஒரே சுண்டு. பாண்டியப் படையில பாதி பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு.

அது அக்டோபர். டிசம்பர்ல ஒரு நாள் நைனா தூக்கத்துலயே போயிட்டார்.

போர்டு சுவத்துல சாய்ஞ்சே கிடந்தது. ஜனவரியில ஃபிரெண்டு டி.சி. வாங்கப் போனான். கூட வான்னு கூப்பிட்டான். எனக்கு அன்னிக்கு இன்டர்னல் இருந்துச்சு. இருந்துச்சுங்கிறது உண்மைதான்.

இப்ப அவன் ஒரு கன்டெய்னர் யார்டுல டேலி எழுதறான். மார்ச்சுல அவனே போன் பண்ணி, "தக்கோலம் பாக்கி கீதுடா"ன்னான்.

தக்கோலம் நம்ம அரக்கோணம் பக்கம்தான். 949-ல அங்க ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் ஒரு பக்கம், முதலாம் பராந்தகனோட மூத்த மகன் இராஜாதித்தன் இன்னொரு பக்கம். யானை மேல இருந்தபடியே இராஜாதித்தன் செத்தார். 'யானைமேல் துஞ்சிய'ன்னு சோழர்கள் அடைமொழியே கொடுத்தாங்க. கிருஷ்ணனோட கூட்டாளி கங்க பூதுகன்தான் கொன்னான்னு கர்நாடகாவுல ஆதகூர் நடுகல் சொல்லுது. அந்தக் கல்லு உண்மையில ஒரு பன்றியோட சண்டை போட்டுச் செத்த காளிங்கிற வேட்டை நாய்க்காக வச்சது. ஒரு சாம்ராஜ்யம் சரிஞ்ச செய்தி நாய்க்கு வச்ச கல்லுல வருது பாருங்க!

ஃபிரெண்டு சோழர், நான் பூதுகன். அவனோட இடது ஓரத்துல 'வெ.கு.'ன்னு ஸ்கெட்ச்சுல எழுதின ஒரு காய். வெள்ளங்குமரன், கேரளத்துல இருந்து வந்த இராஜாதித்தனோட படைத்தலைவர். மூணு தடவை அந்தக் காயை நடுவுக்குக் கொண்டு வரப் பார்த்தான். மூணு தடவையும் 1. அந்த ஒரு நகர்த்தல் ஸ்ட்ரைக்கரைக் காப்பாத்தவே போயிடுச்சு. அடுத்த மோதல்ல எனக்கு 6, அவனுக்கு மறுபடி 1. ஸ்ட்ரைக்கர் அவுட். நான் ஒரு காய்கூட இழக்கல, விதிப்படி ஆட்டம் முடிஞ்சுது.

அவன் போர்டையே பார்த்துக்கிட்டிருந்தான். மீதி 11 காயும் வரிசை கலையாம நிக்குது.

"அப்ப இவனுங்கல்லாம் இன்னாடா பண்ணுவானுங்க?"

எனக்குப் பதில் தெரியல. ராத்திரி தேடினப்பத்தான் கிடைச்சது, அதுவும் பக்கத்து ஊர்ல. திருவொற்றியூர்க் கோயில்ல ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. கேரளத்துல இருந்து வந்து இராஜாதித்தனுக்கு நெருக்கமா இருந்த ஒருத்தர், எஜமானோட சேர்ந்து களத்துல சாகக் கிடைக்கலையேன்னு மனசு உடைஞ்சு துறவியானார், சதுரானன பண்டிதர்ங்கிற பேரோட திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார்னு சொல்லுது. இவர்தான் வெள்ளங்குமரன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. போர் முடிஞ்சு 10 வருஷம் போல கழிச்சு வெட்டினது. அப்ப இந்தப் பக்கமெல்லாம் கிருஷ்ணன் கையில. அதனால கல்வெட்டுல ஆண்டுக் கணக்கே அவனோட ஆட்சியாண்டுதான். எவன்கிட்ட தோத்தாரோ அவன் வருஷத்தைப் போட்டுத்தான் தன் கதையை எழுத வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் பைக்லயே திருவொற்றியூர் போனோம். சுவர் முழுக்க எழுத்து, கிரந்தம் ரெண்டு பேருக்கும் படிக்க வராது. பிரகாரத்துல உக்கார்ந்திருந்தப்ப, "அன்னிக்கு டி.சி. வாங்க நான் வந்திருக்கணும்"னேன். "டைஸ்ல ஒண்ணு வுழுந்துச்சு, வுடு"ன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "வந்திருக்கலாம்தான்"னான்.

மூணாவது கொப்பம், 1054. சாளுக்கியரோட நடந்த அந்தப் போர்லயும் சோழ ராஜா, முதலாம் இராஜாதிராஜன், யானை மேலதான் செத்தார். ஆனா தம்பி இரண்டாம் இராஜேந்திரன் கலைஞ்ச படையைத் திருப்பி, ஜெயிச்சு, களத்துலயே முடி சூடிக்கிட்டார். டி.பி.ஏ. விதியில இதுக்கு இடமே இல்ல. நம்ம பாஷையில சொன்னா, ஸ்ட்ரைக்கர் ஒரு சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். சதுரங்கமும் அப்படித்தானே?

அதனால ஃபிரெண்டு விதியை மாத்தினான். தளபதி விழுந்தா ஆட்டம் நிக்காது. அடுத்த முறையில 4-க்கு மேல விழுந்தா எந்தக் காயையும் புதுத் தளபதி ஆக்கலாம். அது வரைக்கும் ஒரு முறைக்கு ஒரு நகர்த்தல்தான். மூணாவது சுற்றுலயே அவன் ராஜா போனார். ரெண்டு முறை 2 விழுந்து, நாலு காயும் போச்சு. மூணாவது முறை 5. ஓரம் உடைஞ்ச ஒரு கறுப்புக் காயைத் தூக்கி நடுவுல வச்சான்.

கடைசியில அவன் தோத்துட்டான். வரலாறு ஒரு பக்கம், என் டைஸ் ஒரு பக்கம். ஆனா ரெண்டரை மணி நேரம் இழுத்தான், அம்மா ரெண்டு தடவை டீ கொண்டு வந்தாங்க.

அடுத்து அவன் நைட் ஷிப்ட் மாறினதும் கங்கைகொண்ட சோழன் படையெடுப்பை ஆடலாம்னு இருக்கோம். போர்டு பத்தாது, காயும் பத்தாது. உங்க வீட்டுப் பரண்ல தேஞ்ச கேரம் காய் கிடந்தா எடுத்துட்டு வாங்க. ஸ்ட்ரைக்கர் வேணாம், இருக்கு.