பாட்டுப் பதிய எந்த சாப்ட்வேர் வாங்க?

இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பையன் மியூசிக் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கான், எந்த சாப்ட்வேர் வாங்கிக் கொடுக்க?" அறிவியல் டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று மற்றவர்கள் நினைக்கலாம். ரிட்டயர் ஆன பிறகு குளத்தூரிலும் சுற்றுப்பட்டிகளிலும் வயசான பொம்பளைகளின் பாட்டைப் பதிந்துகொண்டு நான் திரிவது கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்காக ஏழெட்டு சாப்ட்வேரைத் திறந்து பார்த்திருக்கிறேன். சிலதை உடனே மூடியும் இருக்கிறேன்.

முதலில் எஃப்எல் ஸ்டுடியோ. 1990களின் கடைசியில் பெல்ஜியத்தில் 'ஃப்ரூட்டி லூப்ஸ்' என்ற பெயரில் பிறந்தது. நம்ம பக்கத்துப் பையன்கள் கையில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். காரணம் எளிது. திறந்ததும் கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி வரிசை வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தைத் தட்டினால் டிரம், இன்னொன்றைத் தட்டினால் கைதட்டல். சுரம் தெரியாத பிள்ளையும் பத்து நிமிஷத்தில் ஒரு தாளத்தை உருவாக்கிவிடும். ஒருதடவை வாங்கினால் போதும், பின்னால் வரும் புதுப் பதிப்பெல்லாம் இலவசம். வருஷா வருஷம் சந்தா பிடுங்குகிற காலத்தில் இது பெரிய விஷயம். இலவச சோதனைப் பதிப்புக்கு நாள் கணக்கு கிடையாது. ஆனால் சேமித்து வைத்த பாட்டை, காசு கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது. இதற்குப் பயந்து ஒரு பையன் மூன்று நாள் லேப்டாப்பை அணைக்காமலே வைத்திருந்தான். கரண்ட் போய், பேட்டரியும் போய், பாட்டும் போனது. (கிராக் போட்ட காப்பி கிடைக்கும் டீச்சர் என்று சொல்ல வேண்டாம். அதோடு என்னென்ன வைரஸ் வரும் என்று உங்களில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்களுக்கே தெரியும்.)

இந்த எஃப்எல்லில்தான் எங்கள் சொந்தத்தில் ஒரு பேரப்பிள்ளை போன கொடைக்கு ஒரு பாட்டுச் செய்தான். என் சித்தி பாடிய கும்மிப் பாட்டைப் போனில் பிடித்து, அடியில் டிரம் போட்டு, உறுமிச் சத்தம் சேர்த்து, குரலையும் 'சுத்தம்' செய்து ஸ்பீக்கரில் விட்டான். இளவட்டங்கள் ஆடித் தீர்த்தார்கள். நல்லாத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுபது வருஷமாக ஒரு தெருவுக்குள் கிடந்த பாட்டை அந்த ஒரு ராத்திரியில் ஊரே கேட்டது. அந்த வேலையைப் பதினேழு வயசுப் பையன் ஒரு பழைய லேப்டாப்பை வைத்துச் செய்தான்.

சித்தி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முழுசையும் கேட்டுவிட்டு, "யாருட்டி பாடுதா?" என்று என்னிடம் கேட்டாள்.

காது மந்தம் என்று நினைக்காதீர்கள். அடுத்த தெருவில் ஆடு கத்தினால் யார் வீட்டு ஆடு என்று சொல்கிறவள் அவள். தன் குரலை அவளால் அடையாளம் காண முடியவில்லை. அந்தக் கேள்வி அன்று ராத்திரி முழுக்க என்னை உறுத்தியது. மறுநாள் பையனைக் கூப்பிட்டு, நீ என்னவெல்லாம் செய்தாய், ஒவ்வொன்றாகக் காட்டு என்றேன். திட்ட அல்ல, தெரிந்துகொள்ளத்தான். இரண்டு வேலை நடந்திருந்தது.

ஒன்று, தாளம். சித்தி பாடும்போது மூச்சு வாங்குகிற இடத்தில் பாட்டு சற்று நிற்கும், குனிந்து நிமிர்கிற இடத்தில் ஓடும். சாப்ட்வேருக்கு நிமிஷத்துக்கு இத்தனை அடி என்று ஒரு எண் வேண்டும். அவன் 120 கொடுத்திருந்தான். பிறகு குரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இழுத்தோ சுருக்கியோ கட்டத்துக்குள் உட்கார வைத்திருந்தான். ஆள் நடக்கிற நடையை வெட்டி மெஷின் நடையாக ஆக்கினது மாதிரி.

இரண்டாவது, சுருதி. பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. சித்தியின் குரல் இரண்டு கட்டைக்கு நடுவில் நின்று, அங்கிருந்து வழுக்கி இறங்கும். சுருதி திருத்துகிற கருவிக்கு அது பிழை. பக்கத்துக் கட்டைக்குத் தூக்கி நிறுத்திவிடும். இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் மூத்தது ஆட்டோ-டியூன், 1997இல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக பூமிக்குள் ஒலி அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து அடியில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டவர். அந்தக் கணித அறிவுதான் குரலுக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் எதிரொலிப் பாடத்தைத் தூங்கிக்கொண்டே கேட்டவர்கள் கவனிக்கவும்.

கருவி மேல் எனக்குக் கோபம் இல்லை. பியானோக் கட்டைக்குள் பாடுகிற பாட்டுக்கு அது நல்ல உதவி. சிக்கல் என்னவென்றால், எது பிழை என்ற முடிவை அது முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறது. நம்ம கரிசல் பாட்டில் அழகே அந்தப் 'பிழை'தான். கோவில்பட்டியில் வாழ்ந்த காருக்குறிச்சி அருணாசலம் 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு நாதஸ்வரம் வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள். அந்த வழுக்கலையும் அசைவையும் 12 கட்டைக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும்?

இங்கே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருக்கிற எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானது. தெலுங்கு எழுத்தில், இரண்டு பெரிய பாகம். அதில் வெறும் சரிகமவோடு அவர் நிறுத்தவில்லை. குரல் நடுங்குகிற இடத்துக்கு ஒரு குறி, வழுக்கி ஏறுகிற இடத்துக்கு ஒரு குறி, இறங்குகிற இடத்துக்கு வேறு குறி என்று கமகங்களுக்கெல்லாம் தனித்தனி அடையாளம் போட்டு அச்சடித்தார்கள். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் எட்டயபுரம் செய்ததை, இன்றைய சாப்ட்வேர்களின் கட்டத்தில் செய்ய வேண்டுமானால் 'பிட்ச் பெண்ட்' கோட்டை மவுசால் வளைத்து வளைத்து ஒரு பொழுதைத் தொலைக்க வேண்டும். செய்ய முடியாது என்றில்லை. திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

எட்டயபுரம் அரண்மனைச் சங்கீதத்துக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. களை எடுக்கிறவள் பாட்டுக்கு இல்லை. பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' கொண்டுவந்தார். அவருக்குப் பாட்டுச் சேகரித்துக் கொடுத்தவர்களில் நம்ம விளாத்திகுளம் வட்டாரத்து எஸ்.எஸ். போத்தையாவும் ஒருவர். அவர்கள் செய்தது சாதாரண வேலை இல்லை. ஆனால் நோட்டில் எழுத முடிந்தது சொல்லைத்தான். அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தவிப்பு வரும். மெட்டு எங்கே? பாடினவளோடு போய்விட்டது. இப்போது மெட்டைப் பிடிக்கிற கருவி எல்லார் பையிலும் இருக்கிறது. பிடித்த மெட்டை நாமே கட்டத்துக்குள் போட்டு நசுக்கினால், நோட்டுக் காலத்தைவிட என்ன முன்னேற்றம்?

அதனால் நான் அதிகம் புழங்குவது ஆடாசிட்டி. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000இல் வெளியானது. முழுக்க இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். பழைய லேப்டாப்பே போதும். திறந்ததும் நிமிஷம், விநாடி என்று ஒரு கோடு மட்டும் இருக்கும். எத்தனை அடி என்று கேட்காது. சித்தி நிற்கிற இடத்தில் அதுவும் நிற்கும்.

குறை நிறைய உண்டு. பார்க்க அழகாக இருக்காது. கீபோர்டு வாசித்துப் பதிந்து இசை அமைக்க இது சரிப்படாது. முன்பெல்லாம் ஒரு எஃபெக்ட் போட்டால் அது ஒலிக்குள்ளேயே ஊறிவிடும், பிற்பாடு பிரித்து எடுக்க முடியாது. 2022க்குப் பிறகு வந்த பதிப்புகளில் கேட்டுக்கொண்டே மாற்றவும், வேண்டாம் என்றால் எடுத்துவிடவும் வசதி வந்திருக்கிறது. 2021இல் கை மாறியபோது, பயன்படுத்துகிறவர் விவரங்களைச் சேகரிக்கிறார்கள் என்று ஒரு சத்தமும் கிளம்பியது. பிறகு அந்த விதிகளைத் திருத்தி எழுதினார்கள்.

இதில் இரைச்சல் குறைக்கிற வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம்ம ஊருக்கு அது கட்டாயம் தேவை. ஆனி, ஆடி மேக்காத்தில் கரிசக்காட்டில் மைக் வைத்தால் பாட்டுக் கேட்காது, காத்துத்தான் கேட்கும். பாடச் சொல்வதற்கு முன்னால் பத்து விநாடி எல்லாரும் சும்மா இருங்கள் என்று சொல்லி அந்த மௌனத்தைப் பதிந்துகொள்வேன். அந்த இரைச்சலை மாதிரியாகக் காட்டினால், பாட்டிலிருந்து அதே இரைச்சலை அது கழித்துவிடும். ஆசைப்பட்டு நிறையக் கழித்தால் குரல் குடத்துத் தண்ணிக்குள்ளிருந்து வருவது போலாகும், மூச்சுச் சத்தமும் போய்விடும். ஒப்பாரியில் மூச்சுப் போனால் பாதிப் பாட்டுப் போச்சு. நான் 6 டெசிபலுக்கு மேல் குறைப்பதில்லை. காற்று மைக்கில் மோதுகிற உறுமல் மிகத் தாழ்ந்த அதிர்வெண். பெண் குரல் சாதாரணமாக 200 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் குரலுக்குச் சேதமில்லை. குலவைக்கு மட்டும் தனி ஜாக்கிரதை. பாட்டுக்கு ஏற்றபடி மைக் அளவை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நாலு பேர் சேர்ந்து குலவை போட்டால் ஒலி உச்சி வெட்டுப்பட்டுக் கிழிந்துவிடும். கிழிந்ததை எந்த சாப்ட்வேரும் தைக்காது. முதலிலேயே ஒரு குலவை போடச் சொல்லி அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடாசிட்டிக்கு அடுத்த படி ரீப்பர். நீங்கள் பிரவுசிங் சென்டரில் பாட்டுக் கேட்ட வின்ஆம்ப் ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கல் செய்தது இது. இறக்குவதற்குச் சின்னக் கோப்பு, பழைய மெஷினிலும் ஓடும், 60 நாள் முழு வசதியோடு பார்த்துவிட்டு வாங்கலாம், தனியாளுக்கு 60 டாலர். குரல், தவில், நாதஸ்வரம் என்று தனித்தனி டிராக் பிடித்துச் சேர்க்க இதுதான் என் தேர்வு. முதல் வாரம் தலை சுற்றும். மெனு மேல் மெனு. உள்ளே பாட்டு செய்யத் தாள, வாத்திய ஒலிகள் அதிகம் கிடையாது, நாமே தேடிப் போட வேண்டும். சின்னப் பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் இரண்டாம் நாளே மூடிவைத்துவிடும்.

லாஜிக் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும், ஏ.ஆர். ரகுமான் நெடுங்காலமாகப் புழங்குவது அது என்பதால் பையன்களுக்கு அதன்மேல் ஒரு மயக்கம். கியூபேஸ் 1989லிருந்து இருக்கிற பழம்பெருச்சாளி, ஸ்டுடியோக்காரர்களுக்கு நல்லது. வீட்டில் பழகுகிற பிள்ளைக்கு இந்த இரண்டுக்காகவும் நகை அடகு வைக்க வேண்டாம். போனே போதும் என்றால் பேண்ட்லேப் இலவசம், ஐபோன் வீட்டில் இருந்தால் கராஜ்பேண்ட். போன் ரெக்கார்டர்கள் சிலது அமைதியான இடத்தில் தானாகவே சத்தத்தைத் தூக்கும். பாட்டு நிற்கிறபோதெல்லாம் மின்விசிறிச் சத்தம் பொங்கி வந்தால் அதுதான் காரணம்.

எந்த சாப்ட்வேர் ஆனாலும் ஒரு பொதுக் குறை உண்டு. அதன் புராஜெக்ட் கோப்பு அதில் மட்டும்தான் திறக்கும். போத்தையா காலத்து நோட்டை இன்றைக்கும் யாரும் எடுத்துப் படிக்கலாம். பையனின் எஃப்எல் கோப்பை முப்பது வருஷம் கழித்து அவன் பிள்ளை திறப்பானா? அதனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கள். 1991இல் வந்த வடிவம், இன்றும் எதிலும் திறக்கிறது. ஒற்றை மைக் பதிவு என்றால் நிமிஷத்துக்கு 5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பி சொச்சம். ஒரு பென்டிரைவில் ஊர்ப் பாட்டு முழுக்க அடங்கும்.

ஆக, கேட்ட மூவருக்கும் பதில். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், பேண்ட்லேப்பில் ஆறு மாசம் விளையாடட்டும். கல்லூரிப் பையன் தாளமும் டிரம்மும்தான் செய்யப்போகிறான் என்றால் எஃப்எல், காசு கட்டியே வாங்குங்கள். அருப்புக்கோட்டையில் இருக்கிற பிள்ளை, உன் மாமியார் தாலாட்டைப் பிடிக்க வேண்டும் என்றாயே, உனக்கு ஆடாசிட்டி போதும். சீக்கிரம் செய். எண்பத்து மூன்று வயசு என்று நீயேதான் சொன்னாய்.

பேரப்பிள்ளையும் நானும் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அடுத்த கொடைக்கும் அவன் டிரம் போடுவான். ஆனால் சித்தி குரலை வெட்டாமல் கீழே போட்டு, அதன் நடைக்கு ஏற்பத் தாளத்தை நகர்த்தப்போகிறான். ரீப்பரில் அதற்கு வழி இருக்கிறது. கஷ்டமான வேலைதான் ஆச்சி என்று முணுமுணுத்துக்கொண்டே செய்கிறான். முதல் இரண்டு நிமிஷம் வந்திருக்கிறது. சித்திக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை.

வெட்டாத மூலப் பதிவு என்னிடம் இருக்கிறது. வேண்டும் என்கிற உறவுகள் கீழே சொல்லுங்கள், அனுப்புகிறேன். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பும்போது ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.