கும்பகர்ணன் கப்பலேறினான்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் மூன்று நாள். சுமார் 1,370 கிலோமீட்டர். புது மனைவியோடு டெக்கில் நின்று சூரியோதயம் பார்க்கும் ஆசையில் டிக்கெட் எடுத்தேன்.

துறைமுகம் தாண்டியதுமே வயிறு டான்ஸ் ஆடியது. "இஞ்சி மெல்லுங்க தம்பி" என்றார் பக்கத்துப் பெரியவர். மென்றேன். நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

அடுத்து ப்ரோமெத்தசின் மாத்திரை. கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டியது. நான் போட்டது வாந்திக்குப் பிறகு. மாத்திரையும் கடலுக்கே போனது. இன்னொன்று போட்டேன். வாந்தி நின்றது. நானும் சாய்ந்தேன். வாய் பாலைவனம், கண்ணில் ஒரே தூக்கம். பி.காம். கணக்கில் சொன்னால், வாந்தி நின்றது வரவு. இரண்டு நாள் கடல் செலவு.

"பறக்கும் மீன் பாருங்க!" என்று அவள் எழுப்பினாளாம். குறட்டையால் பதில் சொன்னேனாம்.

கடைசியில் ஒரு கப்பல் ஊழியர்தான் வழி சொன்னார்: "ரூமுக்குள்ள கிடக்காதீங்க சார். காது ஆடுதுங்கும், கண்ணு ஆடலைங்கும், மூளை குழம்பிடும். மேல வந்து தொடுவானத்தைப் பாருங்க."

மூன்றாம் நாள் மாத்திரையில்லாமல் டெக்கில் நின்றேன். வயிறு சமர்த்தாக இருந்தது. அற்புதமான சூரியோதயம்! மனைவியைக் கூப்பிட ஓடினேன். எழுந்திருக்கவில்லை.

மிச்ச மாத்திரையை அவள் போட்டிருந்தாள்.