வெறுங்கால் ஆட்டம்

ஓசூரில் எங்கள் பங்கின் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் இளையோருக்கான கால்பந்துப் போட்டி நடைபெறுவது வழக்கம். கொடியேற்றத்தை அடுத்த ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்ததும் ஆட்டம் தொடங்கும். சிப்காட் தொழிற்சாலைகளில் இரவுப் பணி முடித்த பிள்ளைகள் தூக்கம் கலையாத கண்களோடு நேரே மைதானத்திற்கு வந்துவிடுவார்கள். போட்டிக் குழுவில் நான் நெடுங்கால உறுப்பினன். சென்ற ஆண்டு விதிகளை எழுதியவனும் நானே. ஏழாம் விதி இது: பூட்ஸ் அணியாதவர் களத்தில் இறங்கலாகாது.

அவ்விதியை நான் வீம்புக்காக எழுதவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடைசல் இயந்திரங்களோடு வாழ்ந்தவன் நான். ஒருநாள் என் கைதவறி ஒரு வார்ப்பிரும்புத் துண்டு வலக்காலின்மேல் விழுந்தது. பாதுகாப்புக் காலணியின் எஃகு மூக்கு நசுங்கியது; விரல்கள் ஐந்தும் பிழைத்தன. அந்த ஒற்றைக் காலணி இன்றும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. ஆணி வைத்த பூட்ஸ் வெறுங்காலை மிதித்தால் என்னவாகும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று காலை ஜார்க்கண்டைச் சேர்ந்த பதினொரு இளைஞர்கள் வந்தார்கள். புறவழிச்சாலையருகே எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கம்பி கட்டுபவர்கள். அவர்களும் கத்தோலிக்கர்களே. நம் திருப்பலியில் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக நிற்பவர்கள். நுழைவுக் கட்டணத்தைக் கசங்கிய தாள்களாகச் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். மூவரோ நால்வரோதான் பூட்ஸ் அணிந்திருந்தனர். மற்றவர்கள் கால்கள் வெறுங்கால்கள். சிமெண்டால் வெளுத்து, குதிகால் வெடித்தவை.

"சார், எங்க ஊர்ல இப்படித்தான் ஆடுவோம்" என்றான் ஒருவன், தட்டுத்தடுமாறிய தமிழில். நான் ஏழாம் விதியைச் சுட்டிக்காட்டினேன். தமிழில் அச்சிட்ட தாள் அது. அவனால் படிக்க இயலாது என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் சண்டையிடவில்லை, போய்விடவும் இல்லை. புளியமரத்தடியில் அமர்ந்து, மாலை இறுதியாட்டம் வரை பார்த்தார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்துகளை எழுந்துபோய் எடுத்து வந்தவர்களும் அவர்களே.

அன்றிரவு எனக்கு அகமது கான் நினைவு வந்தது.

இன்றைய இளையோருக்கு அப்பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நம் ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் 1926-இல் பிறந்த முன்கள ஆட்டக்காரர் அவர். அல்சூரில் வாழ்ந்த என் தாய்மாமன் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். "பூட்ஸ் போட்ட காலுக்குப் பந்து தெரியாது மாப்ளே, வெறுங்காலுக்குத்தான் தெரியும்" என்பார். பாம்பாட்டி என்றே அவருக்குப் பட்டப்பெயர் உண்டு. மகுடிக்குப் பாம்பு ஆடுவதுபோல அவர் காலுக்குப் பந்து ஆடுமாம்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக் நடந்தபோது நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையவில்லை. ஜூலை 31 அன்று இல்ஃபோர்டு மைதானத்தில் இந்தியா பிரான்சை எதிர்கொண்டது. நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். அணியில் அகமது கானோடு மைசூர் மாநில ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமனும் இருந்தார். பிரான்சு முந்திக்கொண்டது. எழுபதாம் நிமிடத்தில் ராமன் அடித்த கோல் கணக்கைச் சமன் செய்தது. சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த முதல் கோல் அதுவே. கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் நாம் வீணாக்கினோம். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் போட, 2-1 எனத் தோற்றோம். தோற்றும் அரங்கம் எழுந்து கைதட்டிற்று என்பார் மாமா, தாமே அங்கே இருந்தவர்போல.

அதன்பின் அகமது கான் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், சாலே ஆகியோரோடு சேர்ந்து அவ்வணியின் பஞ்ச பாண்டவர் எனப் புகழ்பெற்றார். 1951-இல் புதுதில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

பிறகு வந்தது 1952, ஹெல்சிங்கி. மாமா இதை மட்டும் விரைவாகச் சொல்லி முடித்துவிடுவார். குளிர் நாடு, நம்மவருள் பெரும்பாலோர் அங்கும் வெறுங்காலோடுதான் இறங்கினர். எதிரே யூகோஸ்லாவியா. பத்துக்கு ஒன்று எனத் தோற்றோம். அந்த ஒன்றை, ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில், அடித்தவர் அகமது கான். பத்து கோல் வாங்கிய பின்னும் எதிரணிக் கோலை நோக்கி ஒருவர் ஓடியிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். வெற்றிக்கு அந்தக் கோலால் எந்தப் பயனும் இல்லை. ஆயினும் ஓடியிருக்கிறார்.

அத்தோல்விக்குப் பின்னரே இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பூட்ஸைக் கட்டாயமாக்கியது. அது சரியான முடிவுதான். நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஆகவே என் ஏழாம் விதிக்குச் சரித்திரச் சான்றே இருக்கிறது என்று அன்றிரவு எனக்கு நானே வாதிட்டுக்கொண்டேன். வாதத்தில் வென்றும் உறக்கம் வரவில்லை.

லூக்கா நற்செய்தியின் காணாமற்போன மகன் உவமையில் காலணி வருகிறது. வெறுங்காலோடு வந்து நிற்கும் மகனிடம், போய்க் காலணி அணிந்து வா என்று தந்தை சொல்லவில்லை. அதைக் கொண்டுவரும் கட்டளை பணியாளருக்குப் போகிறது. இந்தப் பகுதியை எத்தனையோ தவக்காலங்களில் வாசக மேடையில் நின்று நானே விளக்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு பெரிய வியாழனன்று பாதம் கழுவப்பட்ட பன்னிருவருள் நானும் ஒருவன். மாலையில் கோவிலுக்குப் புறப்படுமுன் நகம் வெட்டி, சோப்பு தேய்த்து, குதிகாலைப் படிக்கல்லால் உரசிவிட்டே போனேன். பங்குத்தந்தை முழந்தாளிட்டுக் கழுவியது, ஏற்கெனவே கழுவிய காலை. பன்னிருவரும் அப்படித்தான் செய்திருப்போம். இதில் சிரிப்பதற்கும் இடமுண்டு.

மறுவாரக் கூட்டத்தில் பன்னிரண்டு இணை பூட்ஸ் வாங்கக் கேட்டேன். பொருளாளர் இரண்டு மாதம் யோசித்தார். குறை சொல்ல முடியாது; கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பணம் கிடைத்ததும், கால் அளவு கேட்டு வரலாமென்று அந்தக் கட்டடத்திற்குப் போனேன். சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். கம்பி கட்டும் கூட்டம் வேலை முடிந்து போய்விட்டதாம். கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கலாம், அத்திப்பள்ளி தாண்டியும் இருக்கலாம் என்றார் காவலாளி. இந்தித் திருப்பலியிலும் விசாரித்தேன். ஒருவரும் அறியவில்லை. அவர்களுடைய பெயர்களை அன்று நான் எழுதிக்கொள்ளவில்லை. விதிக்கு உட்படாத அணிக்கு ஏட்டில் இடமில்லை.

ஏழாம் விதியின் கீழ் இப்போது, பூட்ஸ் இல்லாதோர் குழுவினரிடம் பெற்றுக்கொள்ளலாம் என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அலுவலறையின் இரும்பு அலமாரியில் பூட்ஸ்கள் இருக்கின்றன. அளவு தெரியாததால் ஏழும் எட்டுமாக வாங்கினோம்.