கூட்டிக் கேட்க முன்



நம்ம கரைப் பக்கத்தில், கற்பிட்டியில் இருந்து சிலாபம் வரைக்கும், பழைய போன், பைக், வள்ள இஞ்சின், ஆட்டுக்கிடாய் எல்லாம் இப்போது வட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும்தான் கைமாறுகின்றன. "கூடக் கேட்பவருக்கு" என்று ஒரு படம் போட்டால் போதும். ஏலம் நமக்குப் புதிதல்ல. மீன் இறங்கும் கரையில் பார்த்திருக்கிறோம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் நேர்ச்சைத் தேங்காய்க்கும் கோழிக்கும் கேட்டிருக்கிறோம். அங்கே கேட்பவரின் முகம் தெரியும். போனில் தெரியாது.

1995இல் தொடங்கிய ஈபேயில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஏலம். நமது உச்ச விலையை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். நாம் 8,000 என்று கொடுத்து, அடுத்தவர் 6,000த்தோடு நின்றுவிட்டால், 6,000த்துக்குச் சற்று மேலேதான் நமக்கு விழும். முழு 8,000மும் போகாது. மற்றது 'பெஸ்ட் ஒஃபர்'. "இந்த விலைக்குத் தருவீர்களா?" என்று விற்பவரிடம் நேரே கேட்பது. அவர் சம்மதிக்கலாம், மறுக்கலாம், வேறொரு விலை சொல்லலாம். பதில் சொல்ல வழமையாக 48 மணித்தியாலம். ஏலப் பொருளில் இந்த வசதி இருந்தாலும், யாராவது ஏலம் கேட்கத் தொடங்கியதும் பொதுவாக அது மறைந்துவிடும். ஏலத்துக்கு வந்தவரை விட்டுவிட்டு மறைவில் வேறொருவரோடு விலை பேசக் கூடாது என்பதே அதன் நியாயம். விற்பவரே ஆள் வைத்து விலையைக் கூட்டுவதற்கும் அங்கே தடை.

நமது குழுக்களில் இப்படி எந்த ஏற்பாடும் இல்லை. இருப்பது வாக்கு மட்டும்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வாப்பா, கடனை அடைக்க வள்ள இஞ்சினை விலைக்குப் போட்டார். உண்மையாக வாங்க வந்தவர் ஒரு நியாயமான விலை சொன்னார். அதற்கு மேலே ஒரு பொடியன் பெரிய தொகை ஒன்றை கொமென்டில் போட்டான். அதை நம்பி முதல் ஆளை அனுப்பிவிட்டார். பிறகு பொடியனின் போன் வேலை செய்யவில்லை. முதல் ஆளும் வேறிடத்தில் வாங்கிவிட்டார். கடைசியில் இஞ்சின் அடிமாட்டு விலைக்குப் போனது. பொடியனைக் கேட்டால், "சும்மாதான் போட்டேன் சேர்" என்கிறான். எங்களிடம் படித்த பிள்ளை. அந்தச் "சும்மா"தான் எங்களைச் சுட்டது.

ஏலம் நம் மார்க்கத்தில் கூடும். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்களே ஏலம் விட்டதாக அபூதாவூதில் வருகிறது. ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார், இன்னொருவர் இரண்டுக்கு எடுத்தார். அந்தப் பணத்தில் ஒரு பாதி வீட்டுக்கு உணவாகவும் மறுபாதி கோடரியாகவும் ஆனது. அவர் விறகு வெட்டிப் பிழைத்தார். அதே நபியவர்கள்தான் 'நஜ்ஷ்' எனும் பொய்க் கேள்வியைத் தடுத்தார்கள். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றுவதுதான் அது. ஒரு சகோதரர் பேசி முடிக்கும் வியாபாரத்தில் குறுக்கே நுழைவதையும் தடுத்தார்கள். விற்பவர் ஒருவருக்குச் சம்மதம் சொல்லும் வரை யாரும் கூட்டிக் கேட்கலாம். சொன்ன பிறகு, "நான் இன்னும் ஐந்நூறு கூடத் தாறன்" என்று இன்பொக்ஸில் போவது சரியில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். விற்பவர், ஏலமா பேசித் தீர்க்கும் விலையா என்பதை முதலிலேயே எழுதுங்கள். ஏலம் என்றால் முடியும் நேரத்தையும் போடுங்கள். முடிந்ததும் யாருக்கு, என்ன விலைக்கு என்று எல்லோரும் காண எழுதுங்கள். கேட்பவர், கையில் உள்ள காசுக்கு மட்டும் கேளுங்கள். பொருளைக் கண்ணால் காணாமல் அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். குழு நடத்தும் தம்பிமார், விளையாட்டுக்கு விலை போடுபவரை ஒருமுறை எச்சரியுங்கள், மறுமுறை நீக்குங்கள்.

பெற்றோரே, பிள்ளையின் கையில் போன் இருந்தால் இதையும் சொல்லிக் கொடுங்கள். வகுப்பில் நாங்களும் சொல்கிறோம். கொமென்டில் போடும் விலையும் வாக்குத்தான்.