பெயரில்லாத இருவர்

ஜூல் வெர்னின் 'கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்' நாவலில் கேப்டன் நீமோ தனக்கு வைத்துக்கொண்ட பெயருக்கு லத்தீனில் 'யாருமில்லை' என்று பொருள். பெயரும் கையெழுத்தும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகராத இடத்தில் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பவன் என்பதாலோ என்னவோ, அந்தப் புத்தகத்தில் என்னை முதலில் பிடித்துக்கொண்டது நாட்டிலஸ் கப்பலின் இயந்திர விசேஷங்கள் அல்ல. இந்தப் பெயர் மறுப்புதான்.

விஞ்ஞான சாகஸக் கதை என்றதும் சிறுவர் அலமாரிக்குத் தள்ளிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வெர்ன் விஷயத்தில் நம்மைவிட ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களின் குற்றம் பெரிது. 1869–70இல் வெளிவந்த நாவலை லூயிஸ் மெர்ஸியர் 1872இல் ஆங்கிலமாக்கினார். மூலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு போயிற்று. நெப்ராஸ்காவின் 'பேட்லாண்ட்ஸ்' என்ற நிலப்பகுதி 'ஒவ்வாத பிரதேசம்' ஆனதைச் சிரித்துவிட்டு விடலாம். ஆனால் நீமோவின் அறைச் சுவரில் தொங்குகிறவர்களின் – போலந்தின் கோஸ்யூஸ்கோ, அயர்லாந்தின் ஓகானல், தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுன் – பெயர்களைக் காணாமல் அடித்ததைச் சிரித்துவிட்டு விட முடியாது.

'மர்மத் தீவு' (1874–75) நாவலில் சாகும் தறுவாயில் நீமோ தன்னை வெளிப்படுத்துகிறான். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசன் டக்கார். திப்பு சுல்தானுக்கு மருமகன் முறை. (1799இல் இறந்த திப்புவோடு கணக்குப் போட்டால் இடிக்கிறது, போகட்டும்.) 1857 எழுச்சியில் குடும்பத்தை இழந்தவன். கிங்ஸ்டன் பெயரில் 1875இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் அந்த எழுச்சி, பேராசை பிடித்த சில இளவரசர்கள் மக்களைத் தூண்டிவிட்டதால் நேர்ந்த விபரீதமாகிவிடுகிறது. தன் மரணப் படுக்கையில் ஒருவன் எதிரியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுச் சாக நேர்ந்த கதை இது. 2001இல் இரண்டு முழுமையான மொழிபெயர்ப்புகள் வரும்வரை ஆங்கிலம் வழியாக வந்த பெரும்பாலோருக்கு வாய்த்த டக்கார் இவன்தான்.

வெர்ன் முதலில் நினைத்தது இந்தியனை அல்ல. ரஷ்யரிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு போலந்துக்காரனை. பதிப்பாளர் ஹெட்ஸெல் ரஷ்யச் சந்தையை எண்ணித் தயங்கினார். அடிமை வியாபாரிகளை எதிரியாக்கிக்கொள்ளலாமே என்றார். வெர்ன் இணங்கவில்லை. தேசத்தையே காலியாக விட்டார். நீமோ மூழ்கடிக்கும் கப்பலின் கொடி எந்த நாட்டுடையது என்று நாவல் சொல்வதில்லை. வியாபாரத் தயக்கத்தில் பிறந்த அந்த வெற்றிடம் படைப்பின் உச்சமாகிவிட்டது. அடையாளம் சொல்லாததால் அந்த வெறுப்பு எவருடையதாகவும் ஆகிறது. 'மர்மத் தீவு' அதை நிரப்பியதும் இந்திய வாசகனாக எனக்கு ஒரு லாபம், வாசகனாக மட்டும் ஒரு நஷ்டம். இரண்டையும் நேர்செய்ய என்னால் முடிந்ததில்லை.

ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கிய 1954 டிஸ்னி படத்தை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அதில் நீமோ அடிமைகளை வேலை வாங்கும் ஒரு தண்டனைத் தீவிலிருந்து தப்பியவன். அங்கிருந்து வெடிமருந்துக்கான உப்புகளை ஏற்றிப் போகும் கப்பலைத் தகர்க்கிறான். ஹெட்ஸெல் கேட்டது கிட்டத்தட்ட எண்பத்தைந்து வருஷம் கழித்து ஹாலிவுட்டில் கிடைத்துவிட்டது! ஆனாலும் ஜேம்ஸ் மேஸனைத் தள்ள முடியவில்லை. பாஹின் இசையை ஆர்கனில் வாசிக்கும்போதும், தாழ்ந்த குரலில் மிரட்டும்போதும், தன் சோகத்தைப் பிறர் தொட அனுமதிக்காத ஒரு மனிதன் அங்கே இருக்கிறான். பிரசித்தமான ராட்சதக் கணவாய்ச் சண்டையை முதலில் அமைதியான கடலில், அந்தி வெளிச்சத்தில் படமாக்கினார்களாம். கம்பிகள் தெரிந்ததால் புயலும் இரவுமாக மறுபடி எடுத்தார்கள். 2003இல் வந்த 'லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்' படத்தில் நஸீருத்தீன் ஷா நீமோவானார். கடைசியில் ஓர் இந்திய முகம். அதற்குத் தலைப்பாகையும் தாடியும் காளி பூஜையும் சேர்த்துத்தான் தந்தார்கள். தேசம் கிடைத்தது, மனிதன் போனான்.

இவர்கள் அனைவரும் தாண்டிப் போகிற ஓர் இடம் நாவலில் உண்டு. மன்னார் வளைகுடா முத்துப்பார். சலாபம் தொடங்குமுன்பே தனியாக வந்து, காலிடுக்கில் கல்லைப் பிடித்து மூழ்கி, ஒரு முழுக்குக்குப் பத்துச் சிப்பிபோல எடுக்கிற ஒரு ஏழை. சுறா பாய்கிறது. நீமோ கத்தியோடு குறுக்கே விழுகிறான். கனடாக்காரன் நெட் லாண்ட் ஈட்டி எறிகிறான். (நம் கரையில் இந்த வேலையை மந்திரத்தால் செய்ய அரசாங்கச் சம்பளத்தில் கடல்கட்டி இருந்தான்.) பிறகு நீமோ பேராசிரியரிடம், ஒடுக்கப்பட்டவர்களின் தேசமே தன் தேசம் என்கிறான். டக்கார் என்ற பெயரை வெர்ன் யோசிப்பதற்கு முன் எழுதிய வரி இது. இரு கரையிலும் முத்துக்குளித்தவர்களில் பெரும்பாலோர் யாரென்று நமக்குத் தெரியும். அவனை நான் தமிழனாகவே வாசிக்கிறேன். 1916இல் வந்த மௌனப் படத்தில் முத்துக்குளிப்பவன் ஒருவன் வருகிறான், சுறாவுக்குப் பதில் ஆக்டோபஸ்! 1954இல் அவனே இல்லை.

தோணியில் கண் விழிக்கும் அவனுக்குத் தெரிவது, தன்மேல் குனிந்திருக்கும் நான்கு பெரிய செம்புத் தலைகள். அந்த நாவலில் விஞ்ஞானக் கதைக்குள் உண்மையில் விழித்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் இருந்தது. நீமோ அவன் கையில் முத்துகள் நிறைந்த ஒரு பையை வைத்துவிட்டுத் திரும்பக் கடலுக்குள் இறங்குகிறான். அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெயரும் இல்லை, அவன் மறுத்ததால் அல்ல, யாரும் கேட்காததால்.

சலாபச் சிப்பியில் பெரும்பங்கு அரசாங்கத்துக்கு. குளிப்பவனுக்குக் காலத்துக்குக் காலம் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று. பருவத்துக்கு முன்பே திருட்டுத்தனமாக மூழ்கியவன் ஒரு பை முத்தோடு கரையேறினால், எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் எந்தச் செம்புத் தலைகளைச் சொல்வான்?